வானநீல எனாமல்

கண்டல்திட்டு
04.01.2014

அன்புள்ள றைஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை, முதுகுத்தோல் மட்டும் வெயிலில் உரிந்துவிட்டது. நீங்களும் நெய்னார் மச்சானும் சுகமா? மச்சானின் கண்ணில் படர்ந்த வெள்ளை இன்னும் அப்படியேதானா? உங்கள் மகள் சப்னாவும் மாப்பிள்ளையும் எப்படி?

இந்தத் தீவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஐஸ் கொண்டுவரும் ஃபாஹிமின் வள்ளத்தில்தான் இனி நம் கதையெல்லாம் போய்வர வேண்டும். ஸலாஹுதீன் ஹாஜியாரின் மர ஹோட்டலுக்கு வெளிப்பூச்சு முழுக்க என் பொறுப்பு. இத்தனை வருஷம் வள்ளங்களுக்கே பூசிய எனக்குக் கிடைத்திருக்கும் முதல் வீடு. இது சரிவந்தால் அடுத்துக் கட்டப்போகும் நாலு வீடும் உனக்கே என்று வாய் திறந்து சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு தென்னங்குற்றித் தூண்களின் மேல் பத்தடி உயரத்தில் நிற்கிறது வீடு. நாற்பது அடி தள்ளிக் கடல். தூண்களைப் போன வருஷம் வெட்டிய கையோடு நானே தார் பூசி நட்டேன். வள்ளத்தின் அடிக்குப் பூசுவதுபோல் மூன்று தரம், வெட்டுமுகம் உட்பட. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. இப்போது சுவர்ப் பலகைகளும் அடித்து முடிந்துவிட்டன.

மே மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்க, பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வருவார்களாம். நம் ஆட்கள் வள்ளத்தைக் கரையேற்றுகிற காற்றுக்கு அவர்கள் காசு கட்டி வருகிறார்கள். அதற்குள் பூச்சு முடிய வேண்டும். கல்பிட்டியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் உங்களைவிட இதில் தெரிந்தவர் யார்? எந்தப் பிறைமர், எந்தப் பெயின்ட் என்று எழுதுங்கள்.

துஆவுடன்,
தம்பி மின்ஹாஜ்


கல்பிட்டி
09.01.2014

அன்புத் தம்பி மின்ஹாஜுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். உன் மச்சானுக்கு வலக்கண்ணில் வெட்ட வேண்டுமாம், சிலாபம் ஆஸ்பத்திரியில் திகதிக்காகக் காத்திருக்கிறோம். முதுகுக்குத் தேங்காயெண்ணெய் பூசு. ஊரெல்லாம் பூசுகிறவனுக்குத் தன் முதுகு எட்டவில்லையாக்கும்!

கேள். கடற்கரைப் பலகையில் உப்பு ஊறியிருக்கும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி மூன்று நாள் வெயில் காட்டு. உப்புத்தாள் போட்டுத் தூசியைத் துடை. கணுக்களுக்குத் தனியே அரக்கு பூசு, இல்லாவிட்டால் பிசின் கசிந்து மஞ்சளாகத் தெரியும். பிறகு மரத்துக்கென்று வரும் அலுமினியப் பிறைமர். பலகையின் முனைகளுக்கு இரண்டு தரம், மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். பிறைமர் ஒருநாள் முழுக்கக் காயட்டும். மேலே தண்ணீரில் கரைக்கும் வெளிப்பூச்சுப் போடு. எனாமல் வேண்டாம். எனாமல் பளபளக்கும், ஆனால் மரத்தை மூச்சுவிட விடாது. காற்றில் மரம் விரியும்போது வெடிக்கவும் செய்யும்.

எனக்கு ஒன்று இடிக்கிறது. வெட்டிய கையோடு தார் பூசினேன் என்கிறாய். தூண்கள் காயவே இல்லையா? அதற்குப் பதில் எழுது.

சப்னாவின் மாப்பிள்ளை ஹுனைஸுக்கு இன்னும் வேலை சரிவரவில்லை. இருவரும் மாம்புரியில் அவள் மாமி வீட்டில் இருக்கிறார்கள். நல்ல சமையல்காரன், பாவம், தன் சகோதரர்களின் தோட்டத்தில் வெங்காயம் நடுகிறான்.

உன் ராத்தா
றைஸா


கண்டல்திட்டு
27.01.2014

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், உங்கள் சுகத்துக்கும் மச்சானின் கண்ணுக்கும் தொழுகையில் துஆக் கேட்கிறேன்.

நீங்கள் சொன்னபடி கழுவினேன், காயவைத்தேன், பிறைமரும் போட்டேன். வெள்ளிபோல் இருந்தது வீடு. ஆனால் மேல்பூச்சுக்கு ஹாஜியார் எனாமல்தான் என்று நின்றுவிட்டார். "வெள்ளக்காரன் தூரத்துல வள்ளத்துல வாறப்பவே மினுங்கோணும் மின்ஹாஜ். ஒன்ட ராத்தாவா வந்து தங்கப்போறா?" என்கிறார். அவரே கொண்டுவந்த வானநீலத்தில் மேற்குச் சுவரைப் பூசிவிட்டேன், மிச்சத்துக்கு இன்னும் பத்து டின் வேண்டும். உங்கள் கடையிலேயே எடுக்கச் சொல்லிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. ஹுனைஸைச் சமையலுக்கு எடுக்கச் சம்மதித்துவிட்டார். பின்னால் குசினியோடு ஒட்டி ஓர் அறை இருக்கிறது. சப்னாவும் வந்து தங்கலாம். கலியாணம் முடித்த கையோடு மாமி வீட்டு மூலையில் கிடக்கத் தேவையில்லை.

ஒரு சின்ன விஷயம். மேற்குச் சுவரில் கீழ்ப் பலகையில் பூச்சு கொப்புளித்திருக்கிறது. பத்துப் பதினைந்து கொப்புளம், பட்டாணி அளவில். வெயில் நேரத்தில் பூசியதாலா?

தம்பி
மின்ஹாஜ்


கல்பிட்டி
02.02.2014

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். இங்கு சுகம். ஹுனைஸின் வேலைச் செய்தி கேட்டுச் சப்னா போனில் அழுதேவிட்டாள், சந்தோசத்தில். உன்னை அல்லாஹ் நன்றாக வைப்பான்.

எனாமல் டின்களை அனுப்பியிருக்கிறேன். விற்கிறவள் வேண்டாம் என்று சொல்லியும் வாங்குகிற ஒரே முதலாளி உன் ஹாஜியார்தான்.

கொப்புளத்தைப் பிளேட்டால் கீறிப் பார். அடியில் பிறைமர் தெரிந்தால் வெயிலில் பூசிய பிழை, சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம். வெறும் மரம் தெரிந்தால், அதிலும் ஈரமாக இருந்தால், தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, மரத்துக்குள்ளிருந்து வருகிறது. அப்படியானால் உலகத்தில் எந்தப் பிறைமரும் நிற்காது. தண்ணீர் என்ன நிறம் என்றும் எழுது.

தூண்களைப் பற்றிக் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை.

ராத்தா


கண்டல்திட்டு
01.03.2014

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும், வேலை மூச்சுவிட விடவில்லை. நான் சுகம். ஹுனைஸ் வந்துவிட்டான், அவனுடைய மீனாணம் தின்று எல்லோரும் கொழுத்துவிட்டோம்.

கொப்புளம் பெரிய விஷயமில்லை. தேத்தண்ணீர் நிறத்தில் கொஞ்சம் கசிந்தது, சுரண்டி, காயவைத்து, பூசிவிட்டேன். பிறகு இரண்டாம் பலகையில் வந்தது, அதையும் சரிப்படுத்தினேன். இப்போது மூன்றாவதில் மட்டும் கொஞ்சம். மற்ற இடமெல்லாம் கண்ணாடி. ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பௌர்ணமிக்கு வீட்டின் அடிவரை கடல் வந்து போனது. ஹுனைஸ் பயந்துவிட்டான். வந்த கடல் திரும்பிப் போகும்தானே?

ஃபாஹிமிடம் வெடிப்பு நிரப்பும் புட்டி நாலு டின் அனுப்பிவையுங்கள், பெரிய டின். மரத்தூள் இங்கே இருக்கிறது.

தம்பி
மின்ஹாஜ்


கல்பிட்டி
06.03.2014

மின்ஹாஜ்,

ஸலாம். எல்லோரும் சுகம்.

நாலு டின்னா? ஆணித் துளைக்கும் வெடிப்புக்கும் முழு வீட்டுக்கே ஒரு சின்ன டின் போதும். மரத்தூளைப் புட்டியில் குழைத்து நிரப்புகிறாய் என்றால் கை போகிற ஓட்டையை நிரப்புகிறாய். எங்கே அந்த ஓட்டை? பன்னிரண்டு வருஷமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன், ஒருவன் என்ன வாங்குகிறான் என்பதை வைத்தே அவன் வீட்டில் என்ன கோளாறு என்று சொல்வேன். டின்களை அனுப்பவில்லை.

நான் நினைப்பதைச் சொல்கிறேன், பிழையென்றால் எழுது. நீ வள்ளத்துக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்திருக்கிறாய். வள்ளத்துக்குத் தார் சரி. ஆறு மாதம் கரையேற்றி வெயிலில் போட்டால் அது குடித்த தண்ணீரைக் கக்கிவிடும். தூணை எங்கே கரையேற்றுவாய்? பச்சைத் தென்னையைத் தாரால் மூடினாய், அதன் ஈரம் அதற்குள்ளேயே நிற்கிறது. வெளியே பார்த்தால் கறுப்பாக, கல்லாகத் தெரியும். உள்ளே அழுகும். அந்த ஈரம்தான் பலகை பலகையாக மேலே ஏறுகிறது. அதன் மேல் எனாமலும் போட்டு மூடியாயிற்று.

மேற்குப் பக்கத் தூண் ஒன்றின் அடியில், மணலுக்கு ஒரு முழம் மேலே, தாரைச் சுரண்டி விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி அனுப்பு. நான் பார்க்க வேண்டும். அதுவரை சப்னா வள்ளம் ஏறமாட்டாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

றைஸா


கண்டல்திட்டு
30.03.2014

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகமறிய ஆசை. மச்சானுக்கு ஏப்ரல் கடைசியில் திகதி கிடைத்ததாக ஃபாஹிம் சொன்னான், அல்ஹம்துலில்லாஹ்.

கேட்ட துண்டை இத்துடன் பேப்பரில் சுற்றி அனுப்புகிறேன். இரும்பு மாதிரி இருக்கிறது, வெட்டுவதற்குள் உளி மழுங்கிவிட்டது. நீங்கள் வீணாகப் பயந்துவிட்டீர்கள். இப்போது எங்கும் கொப்புளம் இல்லை. புட்டி கிடைக்காததால் புத்தளத்திலிருந்து ஹாஜியார் எடுத்துத் தந்தார். வெளியே முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மே நாலாம் திகதி முதல் கூட்டம் வருகிறது, ஒன்பது பேர். சப்னா வந்தால் ஹுனைஸுக்கு உதவியாக இருக்கும். ஒரு சொல் எழுதி அனுப்புங்கள்.

தம்பி
மின்ஹாஜ்


கல்பிட்டி
05.04.2014

மின்ஹாஜ்,

ஸலாம். துண்டு கிடைத்தது.

தென்னையில் கறுப்பு நார் புள்ளி புள்ளியாக ஓடும், சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. இது சுவர்ப் பலகையில் மிஞ்சிய துண்டு. தாரும் போன வருஷத் தார் இல்லை, என் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நேற்று பூசியிருக்கிறாய். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பே இல்லை.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து நம்மை விரட்டியபோது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். வழியில் ஒருதரம்கூட உன்னிடம் பொய் சொல்லவில்லை. தண்ணீர் இல்லை என்றால் இல்லை என்றுதான் சொன்னேன். நீ எனக்குப் பொய் அனுப்பியிருக்கிறாய், அதுவும் பேப்பரில் சுற்றி.

தூணில் பிழை விட்டது பெரிய குற்றமில்லை. யாரும் விடுகிற பிழை. அதை மூடிவிட்டு மேலே ஆட்களை ஏற்றுவது குற்றம். ஹாஜியாரிடம் போய்ச் சொல். தூண்களைக் கொங்கிரீட்டில் மாற்றாமல் ஒருவரும் ஏறக்கூடாது. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். நாலு வீடு போனால் போகட்டும், என் கடையில் வேலை இருக்கிறது.

சப்னா வரமாட்டாள். ஹுனைஸையும் அனுப்பிவிடு. இதற்கு உடனே பதில் வேண்டும்.

றைஸா


கண்டல்திட்டு
01.05.2014

அன்பும் மரியாதையும் நிறைந்த உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வாப்பாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததா? சிலாபத்தில் ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாப்பாவுக்கு ஒத்துக்கொள்கிறதா?

உம்மா, நான் எங்கிருந்து எழுதுகிறேன் பாருங்கள்! நீங்கள் சிலாபத்துக்குப் போன அன்று மின்ஹாஜ் மாமா மாம்புரிக்கு வந்தார். "ஒங்கட உம்மா மரத்துண்ட வாங்கி நாக்குல வெச்சே பாத்துட்டா, நல்லம் எண்டு சொல்லிட்டா, வா மகள்" என்றார். நீங்கள் சம்மதிக்கவில்லையோ என்று மூன்று மாதமாக மனதுக்குள் வைத்திருந்தேன். அழுதுகொண்டே பையைக் கட்டினேன்.

வீடு என்ன அழகு! கடலும் வீடும் ஒரே நிறம். எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்தான். திறப்பதுதான் கஷ்டம், எல்லாக் கதவும் ஜன்னலும் இறுகிப்போய் இருக்கின்றன. மாமா சீவுளியால் சீவிச் சீவிக் கொடுக்கிறார், அடுத்த நாள் திரும்ப இறுகிவிடும். பீங்கான்களை மேசையில் வைத்தால் மேற்குப் பக்கமாக மெல்ல நகர்கின்றன. உங்கள் மருமகன் அதற்குச் சிரிக்கிறார், நானும் சிரித்தேன்.

மாமாதான் மெலிந்துவிட்டார். விடிய சுபஹு தொழுததும் வீட்டின் அடியில் புட்டி டின்னோடு நுழைந்துவிடுவார். குசினியில் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாதாம். மேற்கு விறாந்தையில் நாலு பேருக்கு மேல் நிற்கக்கூடாதாம். "அங்க பெயின்ட் இன்னும் காயல்ல" என்கிறார். தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். காற்றும் நேற்றுத் தொடங்கிவிட்டது. வாப்பாவுக்கு என் ஸலாம்.

உங்கள் மகள்
சப்னா


சிலாபம் ஆஸ்பத்திரி
03.05.2014

மகள் சப்னா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா சுகம், கட்டு நாளை அவிழ்க்கிறார்கள். உன் கடிதம் கடைக்கு வந்து அங்கிருந்து பஸ்ஸில் இன்று பகல்தான் கைக்கு வந்தது. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நான் சம்மதிக்கவே இல்லை. மாமா சொன்னது பொய். அந்த வீட்டுத் தூண்கள் உள்ளே அழுகிவிட்டன என்று நினைக்கிறேன். கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் கதவு இறுகுவதும் பீங்கான் நகர்வதும் வீடு சாய்வதால்தான் என்று எந்த மேசனிடம் கேட்டாலும் சொல்வான்.

இதைக் கண்டவுடன் செய். மீன் வெட்டும் நீளக் கத்தியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. மேற்கு வரிசைத் தூண் ஒன்றில் மணலுக்குக் கொஞ்சம் மேலே குத்து. கத்தி நுனி மட்டும் போனால் நான் பைத்தியக்காரி, என்னைப் பார்த்துச் சிரி. அதற்கு மேல் போனால் உன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஃபாஹிமின் வள்ளத்திலேயே திரும்பி வா. உடுப்பு, நகை எதையும் எடுக்க மேலே ஏறாதே.

கொப்புளம் என்று அவன் முதலில் எழுதியபோதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் பத்து டின் எனாமலை நானே அடுக்கி அனுப்பினேன். உன் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்த சந்தோசத்தில் வாயை மூடிக்கொண்டேன், பிறகு தெரிந்ததையும் உனக்குச் சொல்லாமல் விட்டேன். மாமாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு முகமில்லை. ஹாஜியாரிடம் சொல்வேன் என்று எழுதினேன், அவரோ போன் எடுக்கவில்லை, நானும் வாப்பாவின் கண்ணைச் சாட்டாக வைத்து விட்டுவிட்டேன்.

இதை இன்றே பஸ்ஸில் ஃபாஹிமுக்கு அனுப்புகிறேன், வெள்ளைக்காரர்களை ஏற்றிவரும்போது உன் கையிலேயே தருவான், வேறு யாரிடமும் கொடுக்காதே என்று போனில் சொல்லியிருக்கிறேன். பதிலை அவனிடமே கொடு.

உம்மா


கண்டல்திட்டு
04.05.2014

உம்மா,

ஸலாம். வள்ளம் கரைக்கு வந்தவுடன் ஃபாஹிம் நானா கடிதத்தைத் தந்தார். வெள்ளைக்காரர்கள் பட்டங்களையும் பலகைகளையும் இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் சொன்னபடி செய்தேன்.

கத்தி பிடிவரை போய்விட்டது. நான் தள்ளவே இல்லை. இழுத்தபோது கறுப்பாக, ஈரமாக, தவிட்டுக்களி மாதிரி வந்தது. பக்கத்துத் தூணும் அப்படித்தான். மூலைத் தூணில் தார் மட்டும் குழாயாக நிற்கிறது, உள்ளே என் கை போனது. மேலே பார்த்தால் நீலம் மினுங்குகிறது.

திரும்பினால் மாமா நிற்கிறார். "எப்ப இருந்து தெரியும் மாமா?" என்று கேட்டேன். "பெப்ரவரியில இருந்து" என்றார். "ஹாஜியாருக்குச் சொன்னேன் மகள். இந்த ஒரு சீசன் நிண்டாப் போதும், பொறகு மாத்துவம் எண்டார்."

"நீங்க ஏன் எங்களக் கூட்டி வந்தீங்க?"

மாமா தூணிலிருந்த ஓட்டையைக் கையால் மூடினார். பிறகு, "நீ வந்து தங்கினா ராத்தாவும் நம்புவா, நானும் நம்புவேன் எண்டு நெனச்சேன்" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. அதற்குள் கரையில் விசில் ஊதினார்கள். மாமா சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களின் பைகளைத் தூக்கப் போய்விட்டார். அவருக்கு அவர்களின் பாஷை கொஞ்சம் தெரியும். அதில் வெறும் "வெல்கம், வெல்கம்" என்றார்.

உங்கள் மருமகன் மேலே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கீழே வாருங்கள் என்று கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. ஃபாஹிம் நானா எஞ்சினை அணைக்காமல் நிற்கிறார், காற்று கூடினால் இந்த வள்ளம் திரும்பி வராதாம். இத்தனை பேரை இதில் ஏற்றவும் முடியாது. கல்பிட்டியில் இறங்கியவுடன் இதை உங்களுக்குப் போனில் வாசிக்கவும் பெரிய வள்ளம் இரண்டு அனுப்பவும் நானாவிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கடைக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

நான் வள்ளத்தில் ஏறவில்லை உம்மா, கோபிக்காதீர்கள். ஒன்பது பேரும் பைகளோடு படியேறி மேற்கு விறாந்தைக்குப் போய்விட்டார்கள், காற்றைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். எனக்கு அவர்களின் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. தூணில் இருந்து தோண்டியதை ஒரு பீங்கானில் அள்ளி வைத்திருக்கிறேன். அதை அவர்களின் தேத்தண்ணீருக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே கையைக் காட்டுவேன். விளங்கும்.

படிக்குக் கிட்ட மாமா நிற்கிறார், என் கையில் உள்ள பீங்கானைப் பார்க்கிறார். வழிவிடுவாரா தெரியவில்லை. துஆச் செய்யுங்கள். நான் மேலே ஏறுகிறேன்.

சப்னா